சைபர் இல்லாத அளவுகோல்

இன்று மலாயாவின் பத்து பாகாட் ஊரில், மின்சாமான் கடையில் ஒருவர் என் கையிலிருந்த ஸ்லைடு ரூலை வாங்கி, மின்கம்பியின் மேல் வைத்து நீளம் அளக்கப் பார்த்தார்.

மாதா கோயில் கமிட்டித் தலைவர்தான். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து மர மில் டைனமோவிலிருந்து கோயிலுக்கு விளக்குப் போடுகிறோம். கம்பி இழுப்பது என் வேலை.

"என்னா தம்பி, இதுல சைபரே இல்ல? ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல இவ்ளோ இடம், ஒம்போதும் பத்தும் ஒட்டிக்கிட்டு நிக்குது. நல்லா ஏமாத்திட்டான் லா ஒங்கள."

இது அளக்க அல்ல, கணக்குப் போட என்றேன். மின்சார வேலைக்கென்றே செய்தது. நீளக் கம்பியில் எவ்வளவு இழப்பு என்று பார்க்கத் தனி வரிசையே இருக்கிறது. நகர்த்திக் காட்டினேன்.

"மெல்லிசு கம்பி போட்டா, பீடத்துக்குப் போறதுக்குள்ள பாதி கரண்டு போயிடுங்கய்யா."

"எங்க போவும்? கம்பியில ஓட்டையா இருக்கு?"

கடைக்காரர் சிரித்தார். தலைவர் மெல்லிய கம்பியையே எடுத்தார்.

"அப்ப நான் இழுக்க மாட்டேன்."

"அலமாக்! கோயில் வேலைக்கே முடியாதுங்கிறீங்களா?"

"கோயில் வேலைங்கிறதாலதான் முடியாதுங்கிறேன்."

வேறு ஆள் பார்த்துக்கொள்வாராம். பார்க்கட்டும். ஸ்லைடு ரூலைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் பூசைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மில் இருப்பது வாசல் பக்கம். பீடம் கம்பியின் கடைசியில். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு பளிச்சென்று தெரியும். பாலன் இயேசுவைப் பார்க்க வேண்டுமென்றால் மெழுகுவத்தி வேண்டும்.

யார் யார் கொண்டுவருகிறீர்கள்?