பேய் போட்ட குரவை

எங்கள் ஊரில் எடுத்த பேய்ப்படத்தின் இரண்டாம் பாகத்தைப் போல ஒரு மோசமான படத்தை நான் பார்த்ததில்லை. அதில் பேயாக நடித்தவளே நான்தான் என்பதால் இதைச் சொல்ல எனக்கு முழு உரிமையும் உண்டு. இணையத்தில் பலர் அதைக் கழுவி ஊற்றினார்கள். என்னைக் கேட்டிருந்தால் அவர்கள் விட்டுவிட்ட குறைகளையும் எடுத்துக் கொடுத்திருப்பேன். ஆனாலும் சாமி கும்பிடும்போது நன்றி சொல்ல வேண்டியவர்களை நினைத்துப் பார்த்தால், அந்த உதவாக்கரைப் படமும் எப்படியோ வரிசையில் வந்து நின்றுவிடுகிறது.

நான் முன்பள்ளி ரீச்சர். தேற்றாத்தீவுக்குக் கிட்ட, ஆற்றோரமாக இருக்கிறது எங்கள் முன்பள்ளி. புத்தகங்களில் வாவி என்று எழுதுவார்கள். எங்களுக்கு அது ஆறுதான். என் கணவர் டெங்குக் காய்ச்சலில் போன பிறகு எனக்கென்று மிஞ்சியது அந்த ஒற்றை மண்டபமும் அதற்குள் கத்திக்கொண்டிருக்கும் பிள்ளைகளும்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காலையில் என் சீலைத் தலைப்பைப் பிடிக்கச் சண்டை போடும் அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் நான் எப்போதோ படுத்த படுக்கையாகியிருப்பேன்.

படம் எடுத்தவன் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தம்பி. கலியாணவீடு, சாமத்தியவீடு என்று வீடியோ எடுத்துப் பிழைப்பவன். முதல் பாகத்துக்காக என்னிடம் வந்த அன்று மழையைப் பற்றிப் பேசினான், வேளாண்மையைப் பற்றிப் பேசினான், தேத்தண்ணி குடித்தான், ஆனால் எழும்பிப் போகிற பாடாக இல்லை.

"என்ன மனே விசயம்? சொல்லன்" என்றேன்.

"அக்கா, ஒரு படம் எடுக்கப் போறன். பேய்ப்படம். நீங்கதான் பேய்."

"ஏன், ஊருல வேற பொம்பிளையே இல்லையா?"

அவன் தரையைப் பார்த்தான். "பாடையில படுக்கணும் அக்கா. வெள்ளச்சீல உடுக்கணும். கேட்ட ஆக்களெல்லாம் புருசன்மார் இருக்கிற பொம்பிளைகள். மாட்டம் எண்டுட்டாங்க."

அவன் சொல்லாமல் விட்டதும் எனக்கு விளங்கியது. தாலி இல்லாதவள் பாடையில் படுத்தால் யாருக்கு என்ன நட்டம்? கோபம் சுர்ரென்று ஏறியது. அந்தக் கோபத்திலேயே "ஓம், வாறன்" என்று சொல்லிவிட்டேன். ஊருக்கு நான் அப்படித்தான் தெரிகிறேன் என்றால் அப்படியே காட்டிவிட்டால் போயிற்று என்ற வீம்பு.

முதல் பாகத்தில் வேடம் என்று எதுவும் இல்லை. ஒரு வெள்ளைச்சீலை, அவிழ்த்துவிட்ட என் சொந்தத் தலைமயிர், அவ்வளவுதான். பாடைக் காட்சி முடிந்ததும் ஆற்றோரக் கண்டல் மரங்களுக்கு நடுவே முழங்காலளவு தண்ணீரில் நிறுத்தி, கமராவைப் பார்க்கச் சொன்னான். பார்த்தேன். பேசவில்லை, பாயவில்லை, யாரையும் கொல்லவுமில்லை. ஆனால் படம் பார்த்த சனம் வாயடைத்துப்போனது. "அந்தக் கண்ணப் பாக்க ஏலாது" என்றார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள்கூட என்ன நடிப்பு என்று எழுதினார்கள். நடிப்பாவது மண்ணாவது! அவர் போய் ஒரு வருடம்கூட ஆகாத காலம் அது. வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்றாலும் எனக்கு அதே கண்தான்.

படம் நன்றாக இருந்ததுதான் வினை. காலையில் வலைக்குப் புறப்படுகிறவர்கள் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட்டார்கள். அதைக்கூடச் சிரித்து விட்டுவிடலாம். பிள்ளைகளை எப்படி விடுவது? பெரியவர்களின் போனில் அந்தப் படத்தை எட்டிப் பார்த்த பிள்ளைகள் ஒவ்வொருவராக முன்பள்ளிக்கு வர மறுத்தார்கள். நான் ஊட்டினால் மட்டும் சோறு தின்னும் ஒரு சின்னப்பெண் இருந்தாள், கன்னம் இரண்டும் பணியாரம் போல. அவள் ஒருநாள் படலையில் என்னைக் கண்டதும் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீரிட்டாள். நான் கையை நீட்ட, இன்னும் பலமாக வீரிட்டாள். தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பிறகு அந்தப் பிள்ளையின் கையில் நூல் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பயந்து கட்டிய நூல்.

கொஞ்ச நாளில் தாய்மார் கூடிப் பேசி, அந்தச் சின்னப்பெண்ணின் தாயையே என்னிடம் அனுப்பினார்கள்.

"ரீச்சர், கோவிக்காதீங்க. உங்களில எங்களுக்கு ஒரு குறையுமில்ல. ஆனா புள்ளைகள் வரமாட்டம் எண்டு அழுதுகள். வருசம் முடியிறதுக்குள்ள சரிவராட்டி, வேற ஒரு ரீச்சர வச்சு நடத்துவமா எண்டு கேக்காங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். மரியாதையாகச் சொன்னதால் சண்டை பிடிக்கவும் வழியில்லாமல் போனது. வருடம் முடிவதற்குள் பிள்ளைகள் திரும்பி வராவிட்டால் எனக்கு முன்பள்ளி இல்லை. அதுவும் இல்லையென்றால் காலையில் எதற்கு எழும்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்து அந்தத் தம்பி இரண்டாம் பாகம் என்று வந்து நின்றான். விளக்குமாறு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"ஒரு பேயாலயே என்ட சோத்துல மண் விழுந்திட்டு. மறுகாவும் ஒரு பேயா?" என்றேன்.

"இதுல கடைசியில நல்ல பேயாகிடும் அக்கா. சின்னப் புள்ளைகளக் காப்பாத்தும். பாத்தா ஊர்ப் புள்ளைகளுக்கும் பயம் போயிடும்."

நல்ல பேய். அந்த ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன். நப்பாசை யாரை விட்டது?

இந்த முறை கட்டாரில் இருக்கும் அவனுடைய மச்சான் கொஞ்சம் காசு அனுப்பியிருந்தான். காசு வந்ததும் புத்தி போய்விட்டது. எனக்கு இருக்கிற தலைமயிர் போதாதென்று ஒரு பொய்மயிர் வந்தது. கண்ணுக்குள் வைக்கச் சிவப்பு வில்லை வந்தது. அதை வைத்ததும் எனக்குக் கமரா எது, கண்டல் மரம் எது என்று தெரியவில்லை. வெள்ளைச்சீலை பழசு என்று சிவப்புச்சீலை உடுத்தி, கையில் வேப்பிலையும் தந்தான். புகைக்கு மெசின் கிடைக்காமல் கோயிலில் இருந்து சாம்பிராணிச் சட்டிகளை வாங்கிவந்தான். இரவில் வெளிச்சம் போட வசதியில்லையாம். பட்டப்பகலில் எடுத்துப் பிறகு இருட்டாக்கலாம் என்றான். பேய் ஆங்காரமாக ஓடிவரும் காட்சியில், எனக்குப் பின்னால் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். அவரை விலகச் சொல்லிக் கத்தினார்கள். அவர் கமராவைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு வலையை இழுத்தார். நல்ல மீன்பாடு போல.

பேய்ச்சிரிப்புத்தான் பெரிய தலையிடியாகிப் போனது. முதல் பாகத்தில் பேசாமல் நின்றேன். இதில் ஊர் நடுங்கச் சிரிக்க வேண்டுமாம். சிரித்துப் பார்த்தேன். ஆட்டுக்குத் தடிமன் பிடித்த மாதிரி இருந்தது. கமரா பிடித்தவன் திரும்பி நின்றுகொண்டு தோள் குலுங்கினான். கடைசியில் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப ஒரு குரவை போடுங்க அக்கா. நீளமா. நான் அதப் பேய்ச்சத்தமா மாத்துறன்" என்றான்.

எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் எதுவும் குரவை இல்லாமல் நடக்காது. கோயில் கதவு திறந்தாலும், தாலி ஏறினாலும், பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவார்கள். ஒருகாலத்தில் என் குரவைக்கு ஊரில் தனிப் பேர். அவர் போனபிறகு நான் போட்டதில்லை. போடாதே என்று யாரும் சொன்னதுமில்லை. கோயிலுக்குப் போனால் நானாகவே பின்வரிசைக்குப் போய் நிற்பேன், வாய் தானாக மூடிக்கொள்ளும். இப்போது பேய்க்காகப் போடச் சொல்கிறான். முதலில் அழுகை வந்தது. பிறகு, நல்லதுக்குத்தானே கூடாது, பேய்க்குப் போட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றியது. ஆற்றைப் பார்த்துக்கொண்டு போட்டேன். தொண்டை எதையும் மறந்திருக்கவில்லை. நிறுத்தியபோது வலை வீசிக்கொண்டிருந்தவரும் திரும்பிப் பார்த்தார்.

நல்ல பேயாகும் காட்சியை எடுக்கவேயில்லை. காலம் தப்பிய மழை வந்து கெடுத்தது, மச்சான் அனுப்பியதும் முடிந்துவிட்டது. என் நம்பிக்கை முழுவதும் இருந்த இடம் அதுதான். இருந்ததை ஒட்டி வெட்டிப் படத்தை முடித்துவிட்டான்.

ஒரு பின்னேரம் ஊர்ப் பல்தேவைக் கட்டடத்தில் திரை கட்டிப் படத்தைப் போட்டார்கள். ஏறாவூரில் இருந்து வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர்கள் கதவளவு பெரிசு. பெண்கள் முன்னால் பாயில் இருந்தார்கள். நான் கடைசியில், சுவரோரம், முக்காடு போடாத குறையாக ஒதுங்கி நின்றேன். அந்தச் சின்னப்பெண் முன்வரிசையில் தாயின் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள். படம் முடியும்போது நான் முன்பள்ளிப் பூட்டின் திறப்பைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, சனத்துக்கு விளங்கிவிட்டது. இரவு என்று சொன்ன காட்சியில் மரத்தின் நிழல் விழுந்தது. பேய் இறப்பர் செருப்போடு வந்தது. பொய்மயிர் கண்டல் கொப்பில் மாட்டித் தொங்க, பேய் அது தெரியாமல் முன்னால் ஓடியது. வலைக்காரர் கையை ஆட்டியபோது முழுக் கட்டடமும் அவருக்குக் கையை ஆட்டியது. தம்பி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தான்.

கடைசிக் காட்சி வந்தது. சாம்பிராணிப் புகைக்குள் இருந்து, சிவப்புச்சீலையும் வேப்பிலையுமாக நான் வெளியே வந்து வாயைத் திறந்தேன். பேய்ச்சத்தமாக மாற்றுகிறேன் என்றவன் ஒன்றையும் மாற்றியிருக்கவில்லை. அந்தப் பெரிய ஸ்பீக்கர்களில் இருந்து என் குரவை அப்படியே வெடித்துக் கிளம்பியது.

ஒருத்தி குரவை தொடங்கினால் மற்றவள் சும்மா இருக்கமாட்டாள், அது எங்கள் பெண்களின் வழக்கம். என்ன ஏது என்று மூளை கேட்பதற்கு முன்பே நாக்கு புரண்டுவிடும். முன்வரிசையில் ஒரு குரவை எழும்பியது. அடுத்த கணம் பக்கத்துப் பாய், அதற்குப் பின் பாய், முழுக் கட்டடமும். புகையும் வேப்பிலையும் சிவப்புச்சீலையும் கண்ட இரண்டு பேர் எழும்பிக் கும்பிட்டும்விட்டார்கள். பேயை அம்மனாக்கி முடித்துத்தான் அவர்களுக்குச் சுயநினைவு வந்தது.

"அட, பேய்க்கெல்லவா குரவை போட்டிருக்கம்!" என்று ஒரு கிழவி சொன்னாள்.

பிறகு வந்த சிரிப்பை நான் என் ஊரில் அதற்கு முன்பு கேட்டதில்லை. பாயில் உருண்டு சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். முதலில் குரவை போட்டது அந்தச் சின்னப்பெண்ணின் தாய். வாயில் கைவைத்துக்கொண்டு திரும்பிச் சுவரோரம் என்னைத் தேடினாள். கண்டதும் அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. மடியில் இருந்த பிள்ளை எப்போது எட்டிப் பார்த்ததோ, எழும்பி நின்று, திரையில் பொய்மயிர் இல்லாமல் ஓடிய பேயைத் திருப்பிப் போடச் சொல்லி அடம்பிடித்தது.

அடுத்தநாள் தம்பி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "நாறிப்போச்சு அக்கா. முதல் படத்துக்கு வந்த பேரும் போயிட்டு" என்றான். யாரோ ஒருவர், முதல் பாகம் பார்த்து ஆற்றுப்பக்கம் போகாமல் இருந்தேன், இரண்டாம் பாகம் பார்த்த பிறகு நிம்மதியாகத் தூண்டில் போடுகிறேன் என்று எழுதியிருந்தாராம். பாவம், அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கோ அவனுக்கு விருந்து வைக்க வேண்டும் போல இருந்தது. "இரு மனே, சோறு தின்னுட்டுப் போ" என்றேன். நாட்டுக்கோழி அடித்துக் கறி வைத்தேன். எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். "ரீச்சர், செருப்புப் பேய் காட்டுங்க" என்று காலைக் கட்டிக்கொண்டார்கள். நான் ஓட, அவர்கள் துரத்த, பாட்டும் படிப்பும் பத்து மணிக்குப் பிறகுதான் தொடங்கியது. வேறு ரீச்சர் என்ற பேச்சைப் பிறகு யாரும் எடுக்கவில்லை. என்னைக் கண்டு சைக்கிளைத் திருப்பியவர்கள்கூட, "என்ன ரீச்சர், மயிர் அகப்பட்டதா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆற்றுக்குப் போனார்கள். நன்றாக எடுத்த படம் என்னைப் பேயாக்கியது. கெடுத்து எடுத்த படம் என்னை ஊருக்குத் திருப்பிக் கொடுத்தது. அந்தத் தம்பி நன்றாயிருக்க வேண்டும். இனி நல்ல படம் எடுத்தாலும் என்னைக் கூப்பிடாமல் இருக்க வேண்டும்.

அந்த முறை விஜயதசமிக்கு முன்பள்ளியில் ஏடு தொடக்கினோம். அந்தச் சின்னப்பெண்ணுக்கும் அன்றுதான். இதற்கு முன்பு என்றால் நான் சாமான்களை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நிற்பேன். ஐயரோ ஒரு சுமங்கலியோதான் பிள்ளையின் கையைப் பிடிப்பார்கள். அன்று தாய் பிள்ளையைக் கொண்டுவந்து நேராக என் மடியில் இருத்தினாள். நான் எழும்பப் பார்த்தேன்.

"இருங்க ரீச்சர். நீங்கதான் எழுதுவிக்கணும்" என்றாள். "குரவையையும் நீங்களே தொடங்குங்க. அண்டைக்கு நான் உங்களுக்குப் பின்னாலதானே போட்டன்?"

யாரும் முகத்தைத் திருப்பவில்லை. தாய்மார் எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் விரலைப் பிடித்துத் தட்டில் பரப்பிய பச்சரிசியில் முதல் எழுத்தை எழுதுவித்தேன். பிறகு குரவை போட்டேன். நடுவில் குரல் உடைந்து நின்றுவிட்டது. நான் விட்ட இடத்தில் அவர்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

சத்தம் அடங்கியதும் மடியில் இருந்தவள் அரிசி ஒட்டிய கையால் என் கன்னத்தைத் திருப்பினாள்.

"இன்னொருக்காப் போடுங்க ரீச்சர்" என்றாள். "பேய் போட்ட மாதிரி நல்லா நீளமா."