விரித்துப் பிடித்த பை

கனடாவில், மில்லிக்கன் பகுதிச் சீனக்கடையில் அம்மா எடுத்துத் தந்த வெங்காயத்தாளின் வாசனை என்னைச் சீனாவின் குவாங்சோ சந்தைக்குக் கொண்டுபோனது. தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வருகிற வழியில், ஒரு மழைக்காலம் அங்கே தங்கியிருந்தோம்.

மொழி தெரியாததால் அம்மா கத்தரிக்காயை விரலால் காட்டித்தான் வாங்குவார். ஒருநாள் காசு கொடுத்த பிறகும் பையை விரித்தபடி நின்றார். யாழ்ப்பாணச் சந்தையில் அப்படி நின்றால் ஒரு பிடி கறிவேப்பிலை சும்மா விழும்.

"அம்மா, இது சீனா. வாங்கோ போவம்," என்று வெட்கத்தில் இழுத்தேன்.

காய்கறிக்காரி இரண்டு வெங்காயத்தாளை முறித்துப் பைக்குள் போட்டாள். அங்கேயும் அதுதான் வழக்கமாம். ஊரில் வீட்டைவிட்டு வெளிக்கிட்ட பிறகு அன்றுதான் அம்மா சிரித்தார்.

இங்கே, மில்லிக்கன் கடையில், கல்லாவில் இருந்த பெண் வெங்காயத்தாளுக்கும் விலை போட்டு ரசீதை நீட்டினாள்.

"அம்மா, இஞ்ச ஒண்டும் சும்மா தரமாட்டினம்."

"தெரியும் பிள்ளை," என்ற அம்மா விரித்துப் பிடித்த பையை மூடவில்லை.