கரைந்து உறைந்த குப்பி

ராஜாமணி அமலாவுக்கு அறுபத்திரண்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். அவள் கேட்டு வந்த கடனில்லை. அவராகவே வாயைத் திறந்து தலைமேல் ஏற்றிக்கொண்டது.

திண்டிவனத்தில் ஐஸ் என்றால் ராஜாமணிதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், பதினோரு வயதில் சைக்கிள் கேரியரில் ஐஸ் பாரைச் சாக்கில் சுற்றிக் கட்டி மரக்காணம் வரை மிதித்தவர். இன்று அறுபத்தேழு வயது, சொந்தமாக இரண்டு வண்டி. "ஐஸு என் வண்டியில ஏறினா கரையறதுக்கே பயப்படும்" என்று டீக்கடையில் சொல்வார். யாரும் மறுத்ததில்லை. மறுத்தால் பேச்சு இன்னும் நீளும்.

விழுப்புரத்துக்கு வெளியே இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்னையிலிருந்து குளிர்ப்பெட்டி கொண்டுபோவதும் அவர் வேலை. பெட்டிகளை வாங்கிக்கொள்ளும் அமலா அங்கே ஆராய்ச்சி மாணவி. முகையூர்ப் பக்கம் கூலி வேலை செய்யும் அந்தோணிசாமியின் மகள். "உள்ள அப்படி என்னதான் பாப்பா கீது?" என்று ஒருமுறை கேட்டார்.

"சர்க்கரை வியாதி சமாச்சாரம் அய்யா. இன்சுலின் வந்து கதவைத் தட்டும். உள்ளேருந்து தாழ்ப்பாளைத் திறக்குற ஆளு ரிசப்டர்னு ஒரு புரதம். மனுசனோட ஜீனை வேற செல்லுல வெச்சு, அந்த ஆளை லேப்லயே செஞ்சு அனுப்புறாங்க. இன்சுலின் அதுல எப்படி ஒட்டுதுன்னு நான் பாக்கணும்."

"என் உடம்புல அந்த ஆளுக்குக் காது மந்தம். இருபது வருசமா மாத்திரை முழுங்கிக்கினு கீறேன்."

சித்திரை வெயிலில் அப்படியொரு பெட்டி வந்தது. தண்ணீராகாமல் புகையாகவே கரையும் டிரை ஐஸ் போட்டு, அந்தப் புகை வெளியேற மூடியில் சந்து விட்டு ஒட்டியிருந்தார்கள். மேலே ஒட்டிய சீட்டிலும் அதுதான் எழுதியிருந்தது, இங்கிலீஷில். திண்டிவனத்தில் டீக்கு நிறுத்தியபோது ராஜாமணி பார்த்தார். மீன் பெட்டியில் காற்றுப் போக வழி இருக்கக் கூடாது. அவர் படித்த படிப்பு அது. "மெட்ராஸ்காரனுக்கு டேப் ஒட்டக்கூட வரல" என்று நாலு சுற்று இறுக்கிச் சுற்றினார்.

விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் பெட்டி டமாரென்று வெடித்தது. மூடி பிய்ந்து, கட்டிகள் வண்டியெல்லாம் சிதறின. உள்ளே புரதம் இருந்த சுண்டுவிரல் அளவுக் குப்பி எங்கோ உருண்டுவிட்டது. பின்னால் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஓரங்கட்டி, முட்டி போட்டுத் தேடிக் கண்டெடுக்க முக்கால் மணி நேரம். அது கிடந்த டிரைவர் சீட்டுக்கடியில் தகரம் தோசைக்கல்லாகக் கொதித்தது. குப்பிக்குள் இருந்தது தண்ணீராகிவிட்டிருந்தது.

சாக்குத் துணியால் மிச்சக் கட்டிகளை வாரிப்போட்டு நடுவில் குப்பியைப் புதைத்து, பிய்ந்த மூடியை மறுபடி ஒட்டினார். விழுப்புரம் சேர்வதற்குள் கல்லாக உறைந்துவிட்டது. கரைந்த ஐஸ் மறுபடி உறைந்தால் ஐஸ்தானே? கையெழுத்து வாங்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் திரும்பினார்.

இரண்டு மாதம் கழித்து வேறு பெட்டியோடு போனபோது அமலா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பாப்பா, பேஜாரா கீற?"

"அந்த ரிசப்டர்ல இன்சுலின் ஒட்டவே மாட்டேங்குது அய்யா. மூணு வாட்டி பண்ணிட்டேன். உன் கை சுத்தமில்ல, வேற வேலை பாத்துக்கன்னுட்டாரு என் ஆராய்ச்சியைப் பாத்துக்குற சார். திங்கக்கிழமையோட போகணும்."

"அது ஒரு வாட்டி... கரைஞ்சிருந்தா?"

"சூட்டுல கெடந்தா செத்துடும். திரும்ப உறைய வெச்சாலும் உசுரு வராது. ஏன் கேக்கறீங்க?"

வண்டிச் சாவி கையிலேயே இருந்தது. போயிருக்கலாம். ராஜாமணி படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "ரெண்டு மாசமா என் கையையே திட்டிக்கினு இருந்தேன். அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா, ராஜாமணி வண்டியில ஐஸு கரைஞ்சுதுன்னு ஊரு பேசும் பாப்பா."

நடந்ததை உள்ளே போய் அவளுடைய சாரிடமும் சொன்னார். அமலா இருக்கலாம் என்றார் சார். ஆனால் புதுக் குப்பிக்குப் பணமில்லை. ஆடி முடிவதற்குள் அறுபத்திரண்டாயிரம் வராவிட்டால் அவள் ஆராய்ச்சி நின்றுபோகும்.

"நான் தர்றேன்" என்றார் ராஜாமணி.

வண்டித் தவணை போக மிஞ்சுவது கொஞ்சம். ஒரு டிரைவரை நிறுத்திவிட்டுத் தானே ஓட்டினார். மீன் பெட்டி தூக்கித் தூக்கி முட்டி வீங்கியது. இடுப்பு, இறங்கும்போது ஒரு முறையும் ஏறும்போது ஒரு முறையும் பிடித்துக்கொண்டது. டீக்கடை சேரன் விடவில்லை: "என்னா பெருசு, சத்தமே காணோம்? ஐஸு இப்பல்லாம் பயப்படறதில்லியா?"

"இப்ப நான்தாண்டா பயப்படறேன். டீயைக் குடு ஜல்தியா."

ஆடி கடைசி வெள்ளியன்று துண்டில் முடிந்த பணத்தோடு போனார்.

"சார்கிட்டயே குடுத்துடுங்க அய்யா."

"நீயே கொண்டு போய்க் கட்டு. கையை நீட்டு."

கையுறையைக் கழற்றிவிட்டு நீட்டினாள். உள்ளங்கையில் வேர்வை ஈரம் காயவில்லை. ராஜாமணி விரலை நாக்கில் தொட்டு, ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் எண்ணி வைத்தார். நடுவில் எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அவள் கையை மடக்காமல் அப்படியே நின்றாள்.

"நூத்தி இருபத்து நாலு. அறுபத்திரண்டாயிரம்" என்று கடைசி நோட்டை வைத்தார்.