இரைச்சலை நிறுத்திய வேலு அண்ணன்

என் முதல் மேடை நிகழ்ச்சியில், பன்னிரண்டாவது நிமிடத்தில், சவுண்ட்காரர் என் இசையை அப்படியே மூடிவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் செய்வது ஆம்பியண்ட் இசை. தாளம் கிடையாது, பாடகர் கிடையாது. ஒரே ஒலியை மெதுவாக வளர்த்துக்கொண்டு போவேன். கேட்கிறவர் அதற்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும். அப்போது எனக்குப் பகல் வேலை, ஏசி பழுதுபார்க்கும் ஏர்கோன் சர்வீஸ். லகாட் பக்கம், ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட தோட்டத்தில் ஒரு தண்ணீர் பம்பு ஓடும். அதன் மோட்டார் ரீங்காரத்தைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து, நாற்பது நிமிடத்துக்கு இழுத்து ஓர் ஆல்பம் செய்திருந்தேன். எத்தனையோ பேருக்கு அனுப்பியும் பதில் இல்லை. பினாங்கில் சின்னதாக ஓர் இசை லேபல் நடத்தும் சாந்தி அக்கா மட்டும், நேரில் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார்.

சிலிபினில் ஒரு மண்டபம் பிடித்தேன். சவுண்டுக்கு வேலு அண்ணன். கோயில் திருவிழா, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவர்தான். என்னிடம் இருப்பது ஒரு லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர் போதும் என்றேன். அது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்க வேண்டும். திருவிழாவுக்குக் கொண்டுபோகும் ஆளுயர பேஸ் பெட்டி நான்கையும் லாரியில் ஏற்றிவந்து இறக்கிவிட்டார். என்ன மாதிரி இசை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாலை நான்கு மணிக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள், பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள். ரீங்காரம் மெல்ல எழுந்ததும் வேலு அண்ணன் முகம் மாறிவிட்டது. ஒரு வயரைப் பிடுங்கி வேறு வயர் மாட்டினார். என் காலுக்கடியில் தவழ்ந்து பிளக்கை மாற்றினார். நானோ கண்ணை மூடிக்கொண்டு எங்கோ போய்விட்டேன், கலைஞன் அல்லவா! மிக்சரில் பேஸை மொத்தமாக வெட்டினார். மிஞ்சியது கொசு பறக்கிற சத்தம். அதையும் பொறுக்காமல் என் சேனலையே மூடிவிட்டார்.

மண்டபம் கப்சிப் என்றானது. லேப்டாப்தான் செத்துவிட்டது என்று பதறிப்போனேன். வேலு அண்ணன் பெருமையோடு மைக்கை எடுத்தார்.

“மன்னிச்சுக்குங்க. எர்த் கோளாறு, எங்கயோ மோட்டார் லைன் கலந்திருச்சு. சரி பண்ணியாச்சு. தம்பி, நீ பாட்ட ஆரம்பிக்கலாம்லா.”

முன்வரிசையில் சாந்தி அக்கா தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பில் தோள் குலுங்கியது. போச்சு, ஆல்பம் போச்சு என்று நினைத்துக்கொண்டே இறங்கிப் போய் வேலு அண்ணன் காதில் சொன்னேன்.

“அண்ணே, அந்த மோட்டார்தான் பாட்டு.”

அவருக்கு முகம் வெளிறிவிட்டது. முப்பது வருஷத்தில் யாரையும் நடுவில் நிறுத்தியதில்லை என்று முணுமுணுத்தபடி, செய்த பாவத்தைக் கழுவுகிறவர் போல எல்லாவற்றையும் திருவிழா அளவுக்கு ஏற்றிவிட்டார். நான்கு பெட்டியும் முழுசாகத் திறந்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, சட்டைப் பொத்தான் அதிர்ந்தது, நெஞ்சுக்குள்ளேயே பம்பு ஓடியது. அதுவரை அந்த ஆல்பத்தை நான் ஹெட்ஃபோனில் மட்டும்தான் கேட்டிருந்தேன். அது இவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. சந்தோஷம் தாங்காமல் மேடையில் பல்லைக் காட்டிக்கொண்டே வாசித்தேன். என் பெரியப்பா நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை. யாருமே போகவில்லை.

முடிந்ததும் சாந்தி அக்கா என்னைத் தாண்டி நேரே வேலு அண்ணனிடம் போனார்.

“அண்ணே, ஆல்பத்த இதே பெட்டியில போட்டு மறுபடி பதிவு பண்ணணும். வருவீங்களா?”

“வாரேன்லா. ஆனா எது பாட்டு, எது கோளாறுன்னு இந்தத் தம்பி மொதல்லயே சொல்லிரணும்.”

அன்றிலிருந்து எந்த மேடைக்குப் போனாலும் முதலில் சவுண்ட்காரரை உட்காரவைத்து, முழுசாகப் போட்டுக் காட்டிவிடுகிறேன். நம் இசையை முதலில் கேட்க வேண்டியவர் அவர்தான். ஆல்பம் வெளிவந்தது. அட்டையில் என் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், வேலு அண்ணன் பெயரும் இருக்கிறது.