கட்டைவிரலுக்கு ஒரு வேலை

என் அக்காவை எங்கள் தெருவில் பட்டாசு என்றுதான் சொல்வார்கள். அவள் டைப் அடிப்பதைக் கேட்டவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடையில் அவள் டைப்பிஸ்ட், நான் ஜெராக்ஸ் எடுப்பவள். வக்கீல்கள் நின்றபடி சொல்லச் சொல்ல, அவள் மனுக்களை அடித்துத் தள்ளுவாள். ஒருநாள் கடையின் ஷட்டர் விழுந்து இடது சுண்டுவிரல் போயிற்று.

ஒரு விரல்தானே என்பார்கள். தமிழ் அடிப்பவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். நாலு எழுத்துக்கு ஒருமுறை ஷிப்ட் விசையை அழுத்த வேண்டும்; வலது கை எழுத்துகளுக்கு இடது ஓரத்து ஷிப்டைப் பிடிப்பது அந்தச் சுண்டுவிரல்தான். மோதிர விரலை நீட்டினால் கையே இடம் மாறிப்போகிறது. எங்கள் பெரிய வாடிக்கையாளரான வக்கீல் இரண்டு முறை பொறுமையிழந்து பாதியில் கிளம்பிப் போய்விட்டார்.

முதலாளிக்கு அவளிடம் நேரே சொல்லத் தைரியமில்லை. என்னைப் பிடித்தார்.

"அடுத்த வாரம் வக்கீல் வர்றாரும்மா. அப்பவும் இப்படின்னா வேற ஆள்தான் பாக்கணும். நீயே சொல்லிடு."

மனசில்லாமல் அக்காவிடம் சொன்னேன். அக்கா அழுவாள் என்று நினைத்தால், இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டைவிரல் சும்மாதானேடி உக்காந்திருக்கு?"

ஸ்பேஸ்பாருக்கு இடப்பக்கம் ஆல்ட் என்று ஒரு விசை உண்டு. அதை ஷிப்டாக மாற்றிவிட்டால் கட்டைவிரலே அழுத்திவிடும். அதற்கு ரெஜிஸ்ட்ரி எடிட்டருக்குள் போக வேண்டும் என்று எங்கோ படித்திருந்தாள். கம்ப்யூட்டரின் அடிமடியே அதுதான். தப்பாகக் கை வைத்தால் மிஷின் எழுந்திருக்காது என்றும் அங்கேயே போட்டிருந்ததாம். முதலாளியிடம் கேட்டாள். "என்னமோ பண்ணு, மிஷின் ஓடணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வந்த பெட்டியில் ரெஜெடிட் என்று தட்டினாள். மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா என்று திரை கேட்டது.

"வேணாம்க்கா," என்றேன்.

"உன்னையா கேட்டுச்சு?" என்று ஆம் கொடுத்தாள்.

முதலில் இருந்ததற்கு ஒரு பிரதி எடுத்து வைத்தாள். அப்புறம் ஒன்றுக்குள் ஒன்றாக மஞ்சள் ஃபோல்டர்களைத் திறந்து, கீபோர்டுக்கான இடத்தைப் பிடித்து, இரண்டு விசைகளுக்கான எண்களை அடித்து, மிஷினை அணைத்துப் போட்டாள்.

பாஸ்வேர்ட் கேட்டது. அடித்தாள். தப்பு என்றது. மறுபடியும் தப்பு.

"இருக்கிற பொழப்பும் போச்சு!" என்று கத்திவிட்டேன். எந்த எண் முன்னே, எது பின்னே என்பதில் தடுமாறியிருக்கிறாள். ஆல்ட் ஷிப்டாவதற்குப் பதில் இடது ஷிப்ட் ஆல்ட்டாகிவிட்டது. பாஸ்வேர்டோ இங்கிலீஷ் பெரிய எழுத்தில் ஆரம்பிக்கிறது; அதற்கு ஷிப்ட் வேண்டும். நான் கும்பிடாத சாமியில்லை. அக்கா திடீரென்று சிரித்தாள்.

"ரெண்டு பேரும் லூசுடி! வலது பக்கம் இன்னொரு ஷிப்ட் இருக்கே!"

உள்ளே போய், எண்களை மாற்றிப் போட்டு, மறுபடி எழுப்பினாள். இந்த முறை கட்டைவிரல் சொன்னபடி கேட்டது.

பழக்கம் லேசில் விடுமா? கை பழைய இடத்துக்கே ஓடும். கையைத் திட்டுவாள், என்னையும் சேர்த்துத் திட்டுவாள். கிழிந்த மனுக்களையெல்லாம் எடுத்துத் திரும்பத் திரும்ப அடித்தாள்.

வக்கீல் வந்தார். பாவம் பார்த்தோ என்னவோ, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவர் கொஞ்சம் வேகம் கூட்டினார். இன்னும் கூட்டினார். மூன்றாம் பக்கத்தில் சொல்வதைச் சட்டென்று நிறுத்தினார். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார். நான் தாளே வைக்காமல் ஜெராக்ஸ் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தேன். கண் அப்படி நிறைந்திருந்தது.

"மெதுவாம்மா," என்றார் வக்கீல். "அடுத்த வரியை நான் யோசிக்க வேணாமா?"

அக்கா விரல்களை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லா யோசிங்க சார். நான் எங்கயும் போகல."