கடற்பாசிக் குளிசை

ஜப்பானியப் பழுப்புக் கடற்பாசியில் செய்த அந்தக் குளிசைகளை ஒஸ்லோக் கடையொன்றில் வாங்கி வந்தவன் நான். மனைவியின் தைராய்டுக்கு நல்லதென்று எங்கோ படித்துவிட்டு, தினமும் காலைத் தேநீரோடு இரண்டை நானே எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் அவளுக்கு நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது.

மருத்துவரிடம் வழக்கம்போல நான்தான் மொழிபெயர்த்தேன். அவர் போத்தலைத் திருப்பிப் பார்த்து, "இதில் அயோடின் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. யார் கொடுத்தது?" என்று நொர்ஸ்க்கில், அதாவது நொர்வேஜிய மொழியில், கேட்டார்.

"அவளாகவே வாங்கினாள்" என்றேன். அவளிடம் திரும்பி, "இனி இதைப் போட வேண்டாமாம்" என்று மட்டும் சொன்னேன்.

வீடு திரும்பும் மோர்டென்ஸ்ருட் ரயிலில் அவள் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். "இஞ்சேருங்கோ, அந்தளவு நொர்ஸ்க் எனக்கும் விளங்கும்."

கடைசி நிறுத்தம் வரை எத்தனையோ முறை கதவு திறந்தது. ஒருமுறையாவது இறங்கி, உண்மையைச் சொல்ல மருத்துவரிடம் திரும்பிப் போயிருக்கலாம். நான் இறங்கவில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் அவள் தனியே போனாள்.