லீவில் வந்தவன்

காலையில் கண்மாய்க் கரையில் எதிர்ப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எப்பப் போறீக?" என்பதுதான். நரிக்குடி பஸ்ஸில் கண்டக்டர் கேட்கிறார். பாளையம்பட்டியில் சாக்கு வாங்கப் போன கடையில் கேட்டார்கள். "போகலைங்க, வந்துட்டேன்" என்றால் சிரிக்கிறார்கள். கொஞ்சம் பழகியவர்கள் மட்டும் குரலைத் தணித்து, "என்னப்பா, விசா கேன்சலா? ஏதும் பிரச்சினையா?" என்கிறார்கள். மஸ்கட்டில் இருந்த இத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னை எப்போது போவாய் என்று கேட்டதில்லை. அங்கே நான் வெளியூர்க்காரன் என்பதற்குப் பையில் பத்தாக்கா என்ற குடியிருப்பு அட்டை ஒன்று இருந்தது. இங்கே அப்படி ஒரு அட்டை இல்லாமலேயே வெளியூர்க்காரனாக இருக்கிறேன்.

மஸ்கட்டின் ரூவி வட்டாரத்தில் அந்த ஒற்றை அறையில் என்னோடு படுத்திருந்த நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். "வேலையை விட்டுட்டுப் போனானே, என்ன ஆனான்" என்று நீங்கள் பேசிக்கொள்வீர்கள். உங்களில் சிலர் என்னைப் போலவே கிளம்பிவிடலாமா என்று ஏ.சி. சத்தத்துக்கு அடியில் யோசித்துக்கொண்டும் இருப்பீர்கள்.

அப்பாவை நாங்கள் ஐயா என்போம். ஐயா கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, தழை போட்டு, குழைத்த மண்ணால் பூசி, உள்ளே நெருப்பை மூச்சுத் திணறவைத்துக் கரியாக்குவது அவர் தொழில். மரம் டவுன் வியாபாரியுடையது, கரியும் அவருடையது. புகை மட்டும்தான் எங்கள் வீட்டுக்கு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவன் நான். என் வெள்ளைச் சட்டையை ஐயா கையால் தொடமாட்டார். கொடியிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் காகிதத்தைச் சுற்றி எடுப்பார். "ஒங் கையில கரி படக் கூடாதுலே" என்பதுதான் அவர் எனக்கு வைத்த ஒரே கட்டளை. அருப்புக்கோட்டையில் கல்லூரி முடித்து, மஸ்கட்டில் சிமெண்ட் கிடங்கில் குமாஸ்தாவாகப் போய்ச் சேர்ந்தபோது, அந்தக் கட்டளை நிறைவேறிவிட்டதாக இரண்டு பேருமே நினைத்தோம்.

பிறகு ஒரு நாள், மத்ரா கடைத்தெருவில் இறைச்சி சுடுகிற கடை முன்னால் நின்றுவிட்டேன். அந்தக் கரியின் வாசனை எனக்குத் தெரிந்தது. கரிச் சாக்கைப் புரட்டிப் பார்த்தேன், தூத்துக்குடி என்று அச்சடித்திருந்தது. அன்று கிடங்குக்குத் திரும்பி, ‘வந்த மூட்டை, போன மூட்டை’ என்று எழுதும்போது கை ஓடவில்லை. யாரோ செய்த சிமெண்ட், யாரோ கட்டப்போகிற வீடு. நடுவில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? எங்கள் தரிசுப் புஞ்சை முழுக்க யாரும் விதைக்காத சீமைக்கருவேலம் நிற்கிறது. அதை வெட்டுகிறவன், எரிக்கிறவன், சலித்து ரகம் பிரிக்கிறவன், விற்கிறவன் எல்லாமும் நானாக இருந்தால் என்ன? அந்த எண்ணம் வந்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ராஜினாமாவை நீட்டியபோது எங்கள் ஓமானி மேலாளர் சிரித்தார். "எவ்வளவு கூட்ட வேண்டும்?" என்றார். சம்பளம் இல்லை என்றேன். "வீட்டில் யாரும் தவறிவிட்டார்களா? கல்யாணமா?" அதுவும் இல்லை என்றேன். சொந்தத் தொழில், கரி என்று எனக்குத் தெரிந்த அரபியில் விளக்கினேன். அவர் என் தோளைத் தட்டி, "உனக்கு உடம்பு களைத்திருக்கிறது, ஊருக்குப் போய்த் தூங்கு" என்று ராஜினாமாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லீவு எழுதிக்கொடுத்தார். ஆறு மாதத்துக்குள் திரும்பினால் விசா உயிரோடு இருக்கும். இந்த விவரத்தை நான் ஐயாவிடம் விளையாட்டாகச் சொன்னேன். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான்: "லீவுல வந்திருக்கான்."

நான் போட்ட முதல் மூட்டத்தின் பக்கம் அவர் வரவில்லை. வீட்டு வாசலில் நின்றால் தெரியும் தூரம்தான். புகையின் நிறம் சரியாக இருக்கிறதா என்று கேட்பேன், முகத்தைத் திருப்பிக்கொள்வார். கூலிக்கு ஆள் வைத்துச் செய்தேன். சின்ன வயதில் பார்த்ததை நினைவில் வைத்து நானும் பூசினேன்.

ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வீட்டார் வந்தார்கள். ஐயாதான் ஏற்பாடு. நான் மஸ்கட் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தேன். மூட்டத்தைப் பார்த்துக்கொள்கிற வேலையாள் காதுகுத்துக்குப் போயிருந்தான். ஆடிக் காற்று ஆவணியிலும் ஓயவில்லை. பெண்ணின் தாய்மாமன் கலர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, "அங்கிட்டு வெயிலு நம்மூரு மாதிரியா, கூடவா?" என்று கேட்டார். பதில் சொல்ல நிமிர்ந்தபோது, அவர் தலைக்கு மேலாக வாசலுக்கு வெளியே பார்த்தேன். மெல்லிசாக எழவேண்டிய புகை கரும்புகையாகத் திரண்டு எழுந்தது. பூச்சு வெடித்திருக்கிறது. காற்று உள்ளே போனால் அரைமணியில் கரியெல்லாம் சாம்பல்.

எழுந்தேன். ஐயா என் கையைப் பிடித்து இழுத்தார். "உக்காருலே."

"மூட்டம் வாயத் தொறந்துருச்சுய்யா. போயிட்டு வாரேன்."

"எவன் மூட்டமோ எரியுது. ஒனக்கென்ன? உக்காரு."

கையை உதறிக்கொண்டு ஓடினேன். குடத்துத் தண்ணீரை மண்ணில் கொட்டிக் குழைத்து, வெடித்த இடத்தில் அப்பினேன். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் தீ எட்டிப்பார்த்தது. ஒருவழியாகப் புகை அடங்கியபோது சட்டை சட்டையாக இல்லை. திரும்பினால் வரப்பில் தாய்மாமன் நின்றுகொண்டிருந்தார்.

"மஸ்கட்டுல இந்த உத்தியோகந்தான் பாக்கீகளா மாப்ள?"

"இல்ல மாமா. அங்க சிமெண்ட்டுக்குக் கணக்கு எழுதுனேன். இனி இதுதான் தொழிலு."

"லீவுன்னுல்ல சொன்னாக?"

"லீவு இல்ல. வந்துட்டேன்."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நல்லது. பொண்ணுகிட்டக் கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார். சொல்லி அனுப்பவில்லை.

அன்று சாயங்காலம் ஐயா என்னிடம் பேசினார். "ஒரு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதாலே?"

"மூட்டம் பொறுக்காதுய்யா. ஒங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். நீ பாக்குறதுக்கு முந்தியே நான் பாத்துட்டேன்."

"பாத்துட்டா சும்மா இருந்தீக?"

"எரியட்டும்னுதேன் இருந்தேன். அம்புட்டும் எரிஞ்சா நீ பிளேன் ஏறிருவேன்னு நெனச்சேன்."

தன் வாழ்நாளில் ஒரு மூட்டத்தையும் எரியவிடாத மனிதர். ராத்திரி காய்ச்சலோடு எழுந்துபோய் ஊரான் மூட்டத்துக்கு மண் அப்பியவர். தன் மகனுடையதை எரியட்டும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் குரலில் கெட்ட எண்ணமே இல்லை. நான் நன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. நான் நன்றாக இருப்பது என்றால் என்ன என்பதில்தான் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அவருக்கு அது கரி படாத கை. எனக்கு என் கையால் ஆன வேலை. அவர் சொல்வது தப்பு என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. மழை பிடித்துக்கொண்ட நாட்களில், மூட்டமும் இல்லாமல் சம்பளமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, மேலாளரின் சிரிப்பு எனக்குள் கேட்கத்தான் செய்கிறது. நண்பர்களே, கிளம்பி வாருங்கள் என்றும் சொல்லமாட்டேன், வராதீர்கள் என்றும் சொல்லமாட்டேன்.

விசாக் கெடு முடிந்த வாரத்தில் முதல் லோடு ஏறியது. ஐயா வேலியோரம் வந்து நின்றார். என்னிடம் கேட்காமல் டிரைவரிடம் கேட்டார்.

"இது எங்கப்பா போகுது?"

"தூத்துக்குடி பெரியவரே. அங்கருந்து கப்பல்ல மஸ்கட்டு, துபாயிம்பாக."

ஐயா லாரியின் ஓரத்தில் சரிந்திருந்த ஒரு மூட்டையை நிமிர்த்தி, உள்ளே தள்ளி, கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"இதாச்சும் போகட்டும்" என்றார்.

லாரி திரும்பி மெயின் ரோட்டில் ஏறும்வரை இரண்டு பேரும் நின்று பார்த்தோம். விமான நிலையத்தில் நிற்பதுபோல ஐயா கையைத் தூக்கி அசைத்தார். பக்கத்தில்தான் நின்றிருந்தேன், ஆனாலும் அந்தக் கை எனக்குத்தான் அசைகிறது என்று தோன்றியது.